என் அடிவயிற்று நோவும் அதன் காரணமும்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நோய் அப்படித்தான் தொடங்கியது. அரிசி புடைக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போவேன். எதற்காகப் போனோம் என்று மறந்து திரும்பி வருவேன். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்குவேன். இடுப்பிலிருந்து தொடை வழியாக ஏதோ இழுத்துக்கொண்டே இருக்கும். அடிவயிற்றில் கனமான ஒரு நோவு. குத்தாது, எரியாது. கனக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கனம் இருக்கும்போது யார் பேசினாலும் எரிந்து விழுவேன்.

அப்போது நாங்கள் மலாயாவில், காஹாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் தர்மலிங்கம் அங்கே இரண்டாவது கிராணி. ஆபீசில் பேர் பதிவதும் பால் எடை எழுதுவதும் அவர் வேலை. எங்களுக்குப் பெண் குழந்தை ஒன்று, பேர் காமாட்சி, நடக்க ஆரம்பித்திருந்தாள். அவருடைய அக்கா பாக்கியம், கணவரை இழந்தவர், எங்களோடு இருந்தார். நான் ஜொகூர் பாருவில் வளர்ந்தவள். அப்பா அங்கே சாலை இலாகாவில் இருந்ததால் ஆறாவது வரைக்கும் படித்திருந்தேன். தோட்டத்தில் படித்த பெண் நான் ஒருத்தி என்று சொல்வார்கள். ஆனால் என் உடம்பைப் பற்றி ஒரு வரி கூட யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

முதலில் தோட்டத்து டிரஸரிடம் போனேன். டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பவரைத்தான் நாங்கள் டிரஸர் என்போம். அவர் மலேரியாவுக்குத் தரும் கொய்னா கொடுத்தார், பிறகு விளக்கெண்ணெய் கொடுத்தார். இரண்டுக்கும் கேட்காமல் போகவே நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, உப்புக் கரிக்கும் ஒரு மருந்துத் தண்ணீரைக் கொடுத்தார். அதில் புரோமைட் என்ற உப்பு கலந்திருக்கும், நரம்பை அடக்கும் என்றார். குடித்தால் மந்தமாக இருக்கும். நாக்கு தடிக்கும். நோவு மட்டும் அப்படியே இருக்கும்.

பாக்கியம் அக்கா, கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க் கிராமத்திலிருந்து ஒரு மருத்துவச்சியை வரவழைத்தார். அந்த அம்மாள் இஞ்சியும் எண்ணெயும் தேய்த்து வயிற்றை நீவிவிட்டுப் போனார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. அந்த இரண்டு நாளும் என் கணவர் வெளித்தோட்டத்துக்கு வேலையாகப் போயிருந்தார் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

ஒருநாள் காலை, ஆபீசுக்குப் புறப்பட்ட அவர் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருப்பதாகச் சொன்னார். சொன்னது அவ்வளவுதான். நான் கையிலிருந்த பித்தளைச் செம்பைச் சுவரில் எறிந்தேன். பிறகு நடுங்க ஆரம்பித்தேன், நடுக்கம் நிற்கவில்லை. பல் கிட்டியது. குழந்தை அலறியது. தோட்டத்து லாரியில் மெத்தை விரித்து என்னைக் கிடத்தி, குளுவாங் சாலையில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் சில சேர்ந்து நடத்தியது அது.

பெண்கள் வார்டு ஒரு நீண்ட கொட்டகை. தகரக் கூரை. மத்தியானத்தில் அடுப்பு மாதிரி காயும், சாயங்காலம் மழை விழுந்தால் பக்கத்துக் கட்டிலில் பேசுவது கேட்காது. எங்கும் காலராவுக்குத் தெளிக்கும் மருந்து வாசனை. பெரும்பாலும் மலேரியாக்காரர்கள். எனக்குப் பக்கத்தில் அஞ்சலை என்று ஒரு பெண், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், காலில் ஆறாத புண்ணோடு கிடந்தாள். நான் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, கிராணி வீட்டம்மா தரையைத் தேய்த்தே ஓட்டை போட்டுவிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

பரிசோதனைகள் நடந்தன. விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் போனார்கள். மலேரியாக் கிருமி இல்லை. மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. சிறுநீரில் சர்க்கரை, சீழ் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் இல்லை என்ற சொல்லோடு கம்பவுண்டர் வருவார். மற்றவர்கள் அதைக் கேட்டு நிம்மதி அடைவார்கள். நானோ, ஒன்றுமே இல்லையென்றால் பைத்தியம்தானே மிச்சம் என்று நினைப்பேன். அந்த வார்டின் கடைசியில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. புத்தி பேதலித்தவர்களை ஜொகூர் பாருவில் இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை அதில் வைப்பார்கள் என்று அஞ்சலை சொல்லியிருந்தாள். அந்தப் பக்கம் நான் பார்ப்பதே இல்லை.

பெரிய டாக்டர் ஒரு துரை. வாரம் இருமுறை வருவார். நல்ல மனிதர்தான். ஆனால் என்னிடம் பேசமாட்டார், கம்பவுண்டரிடம் பேசுவார். கம்பவுண்டர் என் கணவரிடம் சொல்வார், அவர் எனக்குச் சொல்வார். ஆயாவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு உள்ளே கைவைத்துப் பார்த்தார். கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். முடிவு இப்படி வந்து சேர்ந்தது: கர்ப்பப்பை முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டியது, எனக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் நோவு, அதனால்தான் நரம்பு கெட்டுக் கூத்தாடுகிறது. வயிற்றைத் திறந்து அதை நிமிர்த்தித் தைத்துவிட்டால் சரியாகும். பிறகு குழந்தை தங்குவது சிரமமாகலாம்.

என் கணவர் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். யாரோ அவரைத் திட்டிக்கொண்டிருப்பது போல நின்றார்.

ஆப்பரேஷனுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில் பயந்ததைப் போல நான் எப்போதும் பயந்ததில்லை. மயக்க மருந்து முகத்தில் வைத்தால் எழாமலே போய்விடுவோமோ என்று ஒரு பயம். எழுந்த பிறகும் நோவு அப்படியே இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாக்கியம் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாரியில் வருவார். மிளகு ரசம் கொண்டுவருவார். என் தலைமுடியைப் பிரித்து எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிடுவார். அவர் கை தலையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

இப்படி இருக்கையில் டாக்டர் துரையே மலேரியா வந்து படுத்துவிட்டார். சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பும்வரை பார்த்துக்கொள்ள ஒரு டாக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். நாற்பது வயசிருக்கும். வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடி, வேகமான நடை. என் கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்த முதல் டாக்டர் அவர்தான்.

முதலில் அவரும் உடம்பைப் பார்த்தார். பிள்ளை பிறந்தபோது கிழிந்த இடத்தில் தழும்பு இறுகி, தொட்டால் வலிக்கும்படி இருக்கிறது என்றார். அதற்குக் களிம்பும் வெந்நீரில் உட்காரும் வைத்தியமும் போதும். கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருப்பது உண்மைதான், ஆனால் சிலர் பிறவியிலேயே இடதுகைக்காரராக இருப்பது போல எத்தனையோ பெண்களுக்கு அது அப்படித்தான் இருக்கும், ஒரு தொந்தரவும் தராது என்றார். கட்டி இல்லை, சீழ் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். அதன் பிறகு, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இந்த நோவு எப்பெப்ப வாறது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரமில்லை."

யோசித்தேன். மருத்துவச்சி வந்துபோன இரண்டு நாளும் நினைவுக்கு வந்தன. என் கணவர் ஊரில் இல்லாத மற்ற நாட்களும் வந்தன. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் நடுக்கம் இருந்ததே தவிர, அந்தக் கனம் குறைந்துபோயிருந்தது என்பதும் உறைத்தது. ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை.

கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னேன். என் கணவரோடு சேர்ந்து இருந்த மறுநாள்தான் வருகிறது. அவர் கெட்டவர் இல்லை. அவர் தொட்டால் எனக்குப் பிடிக்கும். ஏதோ ஒன்று ஏற ஆரம்பிக்கும். எங்கே போகிறது என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவர் தூங்கிவிடுவார். எனக்கு மட்டும் இறங்க வழி தெரியாமல் பாதியில் நிற்பது போல இருக்கும். விடியும்வரை கால் இழுக்கும். ஐந்து வருஷமாக இப்படித்தான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை நோய் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நோவு பொய்யில்லை என்றார். பிறகு ஒரு சிலேட்டை எடுத்துவரச் செய்து, அதில் பெண்ணின் உடம்பைப் பகுதி பகுதியாக வரைந்தார். பிள்ளை வரும் வழி வேறு, இன்பம் தெரியும் இடம் வேறு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மேலே, வெளிப்புறத்தில், பருப்பளவு ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்கு வேறு வேலையே கிடையாது. இன்பத்தை உணர்வது மட்டும்தான் வேலை. ஆசை எழும்போது அந்தப் பகுதி முழுவதும் ரத்தம் வந்து நிரம்பும். உச்சம் என்ற ஒன்று வந்தால் தசைகள் தானாகச் சுருங்கி விரிந்து, வந்த ரத்தம் வடிந்து, உடம்பு இளகிவிடும். அது வராமல் நிற்கும்போது வடிவதற்கு நேரமாகும், சிலருக்குக் கனமும் நோவும் தங்கும். ஆணுக்கு அது விரைவாக வரும். பெண்ணுக்குப் பொதுவாக அதிக நேரம் வேண்டும், அந்த இடத்தில் ஸ்பரிசம் வேண்டும், மனசில் பயமில்லாமல் இருக்க வேண்டும்.

பெண்ணுக்கும் அப்படி ஒன்று உண்டா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஓம், உண்டு. உங்களுக்கும் உண்டு. உங்களில குறை ஒண்டும் இல்லை. வழி தெரியேல்லை, அவ்வளவுதான். அதுக்கு வயித்தை வெட்டத் தேவையில்லை."

படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். அவமானமா, நிம்மதியா, கோபமா, எனக்கே தெரியாது. அஞ்சலை பயந்து எழுந்துவிட்டாள். புற்று என்று சொல்லிவிட்டார்களோ என்று நினைத்தாளாம்.

புரோமைட் தண்ணீரை அன்றே நிறுத்தினார்கள். நரம்பை அடக்கும் அந்த மருந்து ஆசையையும் உணர்ச்சியையும் சேர்த்து மழுக்கிவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். நோவைத் தணிக்க என்று நான் குடித்தது உச்சத்தை இன்னும் எட்டாத இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. என் உடம்பை நானே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரக்கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு, உங்கள் வீட்டுக்காரரிடமும் பேச வேண்டும், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்று நான் சொல்லிவிட்டேனே தவிர, சொன்ன அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

என் கணவர் வந்தார். டாக்டரம்மா அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் வெளியே தாழ்வாரத்தில் நடந்தேன். உள்ளே அந்த அம்மாவின் குரல் மட்டும் தணிவாகக் கேட்டது. அவர் குரல் கேட்கவே இல்லை. கதவு திறந்தது. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்க்காமல் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, லாரி நின்ற பக்கம் போனார். லாரி போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. டாக்டர் துரை தேறிவிட்டார், சீக்கிரம் வந்துவிடுவார் என்று கம்பவுண்டர் சொன்னார். கையெழுத்துப் போட்ட தாள் அங்கேயேதான் இருந்தது. புருஷன் வேண்டாம் என்று சொல்லாமல் ஆப்பரேஷனை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா, ஆப்பரேஷன் தேவையில்லை என்று நான் எழுதி வைத்துவிட்டுத்தான் போவேன், பயப்படாதீர்கள் என்றார். ஆனால் எனக்கு ஆப்பரேஷனைவிட வேறொன்று பயமாக இருந்தது. அறியக்கூடாததை அறிந்துகொண்ட பெண் என்று அவர் என்னைத் தள்ளிவைத்துவிடுவாரோ என்று நினைத்தேன். படித்த பெண்ணைக் கட்டினால் இப்படித்தான் என்று ஊர் பேசுமோ என்று நினைத்தேன். குழந்தையை யாரிடம் விடுவார் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

பாக்கியம் அக்காதான் வந்தார். ரசத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் பின்னலை அவிழ்த்தபடி சொன்னார்.

"என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல கோமதி. தம்பி சரியா சாப்பிடறது இல்ல. ஆனா கோவமா இல்ல. அவன் கோவம் எனக்குத் தெரியும். இது வேற."

அது போதுமாக இருந்தது. அவர் போனபிறகு முதல்முறையாகப் பகலில் தூங்கினேன்.

மூன்றாவது வாரம் என் கணவர் வந்தார், லாரி நாள் இல்லாத நாளில், மழையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு. காற்சட்டையெல்லாம் செம்மண். வார்டுக்குள் வராமல் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்தடிக்குக் கூப்பிட்டார். நான் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய சித்தப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு புத்தி சொன்னாராம். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் பிடிக்காது, கடமைக்காகப் பொறுத்துக்கொள்வாள், அவளை வதைக்காதே என்றாராம். என் கணவர் அதை மனசில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அசையாமல் கிடந்ததையும், மறுநாள் எரிந்து விழுந்ததையும் பார்த்து, சித்தப்பா சொன்னது சரி என்று நினைத்திருக்கிறார்.

"ஒனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன் கோமதி. சீக்கிரம் முடிச்சுட்டா ஒனக்குக் கஷ்டம் கொறையும்னுதான்... வேற ஒண்ணும் இல்ல."

நான் நடப்பதை நிறுத்தினேன். ஐந்து வருஷம். அசைந்தால் தப்பாக நினைப்பாரோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறேன். எனக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து அவர் அவசரப்பட்டிருக்கிறார். ஒருவருக்கு ஒருவர் நல்லது செய்தே நாங்கள் இந்த ஆஸ்பத்திரிவரை வந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அவர் திகைத்துப் பார்த்தார். எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். அதை அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு நேராக ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போய், கையெழுத்தை அடித்துவிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். தழும்பு இளக மாதங்கள் ஆயின. புரோமைட்டின் மந்தம் போகவே கொஞ்சநாள் பிடித்தது. அதைவிடக் கஷ்டம், இருவரும் பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்ததுதான். வருகிறதா, வருகிறதா என்று நான் காத்துக்கொண்டே இருப்பேன். அவர் என் முகத்தையே பார்ப்பார். காத்திருந்தால் ஒன்றும் வராது. ஒருநாள் நான் சலித்துப்போய்த் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒருநாள் அவர் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா ஊர் மாறிப் போவதற்கு முன் ஒருதடவை போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது இது: கொஞ்சநாள் உச்சத்தைத் தேடவே வேண்டாம், கடைசிவரை போகாமல், தொடுவதும் பேசுவதுமாக மட்டும் இருங்கள், எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று நீங்கள் வாய் திறந்து சொல்லப் பழகுங்கள்.

வாய் திறப்பதுதான் இருக்கிற வைத்தியத்திலேயே கசப்பானது. கொஞ்சம் மேலே என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. சொன்ன பிறகு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். அவர், சரி என்றார். இப்படித்தான் மெதுவாக, வார்த்தை வார்த்தையாக வந்தோம். கனம் குறைந்தது. நடை குறைந்தது. காமாட்சி மடியில் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து ஓடவில்லை.

பருவமழை தொடங்கியது. மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது, ஆபீசிலும் வேலை இராது. அப்படி ஒரு நாள் மத்தியானம் அவர் நனைந்து வீட்டுக்கு வந்தார். பாக்கியம் அக்கா குழந்தையைக் கூட்டிக்கொண்டு பெரிய கிராணி வீட்டில் முறுக்குச் சுடப் போயிருந்தார். மழையில் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார் போலிருந்தது. கூரையில் மழை கொட்டியது. யாருக்கும் எதுவும் கேட்காது என்ற தைரியம்தானோ என்னவோ, அன்று நான் எதற்கும் காத்திருக்கவில்லை. எதையும் கவனிக்கவில்லை. எங்கள் துணி காயப்போட இடமில்லையே என்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு பேச்சு நின்றது. ஏற ஆரம்பித்தது, இந்தத் தடவை நிற்கவில்லை. அவரும் அவசரப்படவில்லை.

அது வந்தபோது எனக்கு உடம்பு முழுவதும் நடுங்கியது. என்னை அறியாமல் சத்தம் போட்டுவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் பதறி எழுந்து, சட்டையைத் தேடினார். முகம் வெளுத்துப் போயிருந்தது. செம்பு எறிந்த நாள் மாதிரி மறுபடியும் எனக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"டிரஸரக் கூட்டிட்டு வரவா? கோமதி, டிரஸரக் கூட்டிட்டு வரவா?"

கை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம். இப்படியே இருங்க."

சட்டையைக் கீழே போட்டார். பக்கத்தில் படுத்து, மெதுவாக விளங்கிக்கொண்டு, அவரும் சிரிக்க ஆரம்பித்தார். கால் இழுக்கவில்லை. எழுந்து எங்கேயும் போகவேண்டும் என்று தோன்றவில்லை. மழை விடும்வரை அங்கேயே கிடந்தேன்.